உலோக விண்கப்பல் மாடலில் இறக்கை ஏன் நிற்பதே இல்லை?

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மேசைப் போர் விளையாட்டுக்காக வெளிநாட்டிலிருந்து ஓர் உலோக விண்கப்பல் வரவழைத்திருக்கிறார். மொத்தம் 11 துண்டு. நடு உடல் நல்ல கனம், இரண்டு பக்கமும் நீளமான இறக்கை. ஃபெவிக்விக் போட்டு மூன்று தடவை ஒட்டியாகிவிட்டது, மூன்று தடவையும் மறுநாள் தூக்கும்போது இறக்கை கையோடு வந்துவிட்டது. "இதைவிட நல்ல பசை எது, கோயமுத்தூரில் எங்கே கிடைக்கும்?" என்பது கேள்வி. பசையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒரே இடம் மூன்று தடவை விட்டிருக்கிறது என்றால், அந்த மூட்டு எடையை எப்படித் தாங்கும் என்பதுதான் உங்களுடைய உண்மையான கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறேன், பசை நடுவில் தானாக வரும்.

முதலில் நான் எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஒரு பேட்டர்ன் ஷாப்பில் 22 வருஷம் வேலை பார்த்தவன். பம்ப் உடல், மோட்டார் கூடு எல்லாவற்றுக்கும் மரத்திலும் அலுமினியத்திலும் பேட்டர்ன், அதாவது அச்சு எடுப்பதற்கான மாதிரி உருவம் செய்து, உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிக்கு அனுப்புவோம். இந்தக் கப்பல் மாடல்கள் மாலை நேரப் பழக்கமாகத் தொடங்கி, இன்றைக்கு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க நிற்கின்றன. உலோகத்தைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். ரெசின் கப்பலும் 3டி பிரிண்ட் கப்பலும் நான் அதிகம் தொட்டதில்லை, அதனால் இங்கே சொல்வதை அவற்றுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கையில் இருக்கும் உலோகம் என்ன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்றைக்கு வரும் மாடல்களில் பெரும்பாலானவை வெள்ளீயம். கெட்டிப்படுவதற்காகக் கொஞ்சம் ஆண்டிமனி, செம்பு, சிலவற்றில் பிஸ்மத் சேர்த்திருப்பார்கள். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இருக்கிறதே, அதுவும் வெள்ளீயம்தான். ரசம் இல்லாமல் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். 232 டிகிரியில் உருகிவிடும் உலோகம் அது. அதே மென்மைதான் உங்கள் கப்பலுக்கும். கத்தி பட்டால் சீவலாம், விரலால் வளைக்கலாம், சூட்டுக்கோலைக் காட்டினால் ஒழுகும். 1990-களில் பல தயாரிப்பாளர்கள் நச்சு உலோகமான காரீயத்தை விட்டுவிட்டு வெள்ளீயத்துக்கு மாறினார்கள். அதற்கு முந்தைய பழைய மாடல்களில் காரீயம் நிறையவே இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றால் காரீயம் என்றே நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். காகிதத்தில் தேய்த்தால் பென்சில்போலக் கறுப்புக் கோடு விழுந்தால் காரீயம் என்று சொல்வார்கள். அது ஒரு குறிப்புத்தான். கோடு விழவில்லை என்பதற்காகக் காரீயமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

துண்டுகள் ஒன்றோடொன்று சரியாக உட்காராததற்குக் காரணம் வார்ப்பு முறை. வேகவைத்த ரப்பர் அச்சு இரண்டு வட்டத் தகடாக இருக்கும். அதைச் சுழலவிட்டு நடுத் துளையில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள், சுழற்சி வேகத்தில் உலோகம் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாயும். நம் மணல் வார்ப்பில் வரும் குறைகள் எல்லாமே இதிலும் உண்டு. இரண்டு பாதி அச்சும் ஒரு மயிரிழை நகர்ந்தால் துண்டின் நடுவே ஒரு படி விழும், ஃபவுண்டரியில் இதை மிஸ்மேட்ச் என்போம். கனமான இடம் கடைசியில் ஆறும்போது உள்வாங்கிக் குழியாகும். மெல்லிய இடம் சீக்கிரம் ஆறி வளையும். ரப்பர் அச்சு தேயத் தேயப் பிசிறும் அதிகமாகும். உங்கள் இறக்கையின் அடிப்பக்கத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தட்டையாகத் தெரிவது உண்மையில் நடுவில் குழிந்திருக்கும், அல்லது ஒரு ஓரம் மேடாக இருக்கும். அப்படியானால் உடலைத் தொடுவது இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே, மீதி இடமெல்லாம் காற்று.

ஃபெவிக்விக் வகைப் பசை காற்றை நிரப்பாது. தலைமுடிக் கனத்துக்கும் குறைவான இடைவெளியில்தான் அதன் பலம். மேற்பரப்பில் இருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு இறுகும், இறுகியபின் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை வந்துவிடும். நேராக இழுத்தால் நன்றாகத் தாங்கும். ஒரு ஓரத்திலிருந்து நெம்பினாலோ கீழே வைக்கும்போது சட்டென்று ஒரு தட்டு பட்டாலோ விட்டுவிடும். இறக்கையின் எடை செய்வது அந்த நெம்பல்தான். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இறக்கை 30 கிராம், அதன் எடை நடுவம் மூட்டிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, மூட்டின் உயரம் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போதே மேல் விளிம்பை ஏறக்குறைய 300 கிராம் பிய்த்துக்கொண்டிருக்கும். மேசையில் கொஞ்சம் தட்டி வைத்தால் அதைப்போலப் பல மடங்கு. எந்தக் கம்பெனிப் பசையாக இருந்தாலும், இரண்டு புள்ளியில் மட்டும் பிடித்துக்கொண்டு இதை மாதக்கணக்கில் தாங்காது.

எனக்கு இதைப் புரியவைத்தவர் டவுன்ஹால் பக்கம் தோடு செய்கிற ஓர் ஆசாரி. பாய்மரக் கப்பலில் இருப்பதுபோல நான்கு துண்டுப் பாய்கள் கொண்ட ஒரு விண்கப்பலோடு ஒரு மாதமாக மல்லுக்கட்டிவிட்டு, மெல்லிய அரம் வாங்கப் போன இடத்தில் அவரிடம் காட்டினேன். பாயைக் கையில் வாங்கி எடை பார்த்தார், விளிம்பை விரல் நகத்தால் தடவினார், உடலில் வைத்துப் பார்த்தார். "ஏனுங் தம்பி, ரெண்டு கிராம் தோட்டுக்கே நாங்க தண்டு வெச்சுத் திருகாணி போடறோமுங்க. இத்தனை கனத்தை வெறும் கோந்துல நிக்கச் சொன்னா எப்படீங்க நிக்கும்?" என்றார். நான் இரண்டு பாதியாகச் செய்யும் ஒவ்வொரு பேட்டர்னிலும் டவல் பின், அதாவது இரண்டையும் நகராமல் பிடிக்கும் சின்ன முளை வைத்துத்தான் பொருத்துகிறேன். தினமும் செய்கிற வேலை, மாடல் கையில் வந்தபோது ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைக்கு அவர் கடையிலேயே ஒரு பின் வைஸும் (மெல்லிய பிட்டை மாட்டிக் கையால் திருப்பித் துளை போடும் சின்னக் கருவி) 1 மில்லிமீட்டர் டிரில் பிட் நான்கும் எங்கே வாங்கலாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆக உங்களுக்கு வேண்டியது கம்பி. இறக்கையின் எடையைக் கம்பி சுமக்க வேண்டும், பசை அந்தக் கம்பியை அசையாமல் பிடித்தால் போதும். அதை எப்படிச் செய்வது என்று பொறுமையாகச் சொல்கிறேன்.

துளை போடும் முன் மூட்டு முகத்தைச் சரிசெய்யுங்கள். வெள்ளீயம் அரத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும், நாலு இழுப்பில் அரம் வழுக்கத் தொடங்கும். முதலில் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு அராவினால் அவ்வளவாக அப்பாது. முகம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, பெஞ்ச் ஃபிட்டர்கள் செய்வதுபோலப் புளூ மேட்ச் செய்யலாம். இறக்கையின் அடியில் கொஞ்சம் புளூவை (ஃபிட்டர்கள் தொடும் இடம் பார்க்கத் தடவும் நீலச் சாயம்) மெல்லிசாகத் தடவி, உடலில் ஒரு தடவை அழுத்தி எடுங்கள். நீலம் ஒட்டிய இடம்தான் தொடும் இடம், எந்தப் பக்கம் மேடோ அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு இழுப்பு இழுங்கள், மறுபடி அழுத்திப் பாருங்கள். புளூ இல்லையென்றால் எண்ணெயில் குழைத்த குங்குமம் போதும். முகம் முழுக்க நீலம் பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, ஓரம் சுற்றி உட்கார்ந்து நடுவில் குழிந்திருந்தாலும் நல்லதுதான், அந்தக் குழியில் பசை தங்கும். கையை எடுத்தால் இறக்கை ஆடாமல் அதே கோணத்தில் திரும்பத் திரும்ப உட்கார வேண்டும். அது நடக்கும்வரை பசை டப்பாவைத் திறக்க வேண்டாம்.

அப்புறம் துளை. இறக்கையின் பக்கம்தான் முதலில், ஏனென்றால் அங்கே இடம் குறைவு. தடிமனான பாகத்தின் நடுவில் காம்பஸ் முள்ளால் ஒரு குத்துக் குத்துங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி ஓரத்துக்கு ஓடிவிடும். பின் வைஸை உள்ளங்கையில் வைத்து விரலால் திருப்புங்கள், அழுத்த வேண்டாம். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவை பிட்டை வெளியே எடுத்துச் சுருளைத் தட்டிவிடுங்கள். சோப்புக்கட்டியில் பிட்டை ஒரு தடவை குத்தி எடுத்தால் வழவழவென்று இறங்கும். மோட்டார் வைத்த சின்ன டிரில் வைத்திருந்தாலும் இதற்கு எடுக்காதீர்கள். சூட்டில் வெள்ளீயம் இளகிப் பிட்டைக் கவ்வும், பிட் உள்ளேயே முறியும். அந்த முறிந்த துண்டை வெளியே எடுப்பது புதிதாக ஒரு மாடல் வாங்குவதைவிடக் கஷ்டம். கையால் போட்டால் 5 மில்லி ஆழத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும், ஆகட்டும்.

உடலின் பக்கத் துளை அதற்கு நேராக விழ வேண்டும். இதில்தான் எல்லோருக்கும் தவறுகிறது. எளிதான வழி ஒன்று சொல்கிறேன். இறக்கைத் துளையில் ஒரு குண்டூசித் தலையை வெட்டிவிட்டு, கூர் முனை அரை மில்லி மட்டும் வெளியே தெரியும்படி கொஞ்சம் மெழுகோடு நிறுத்துங்கள். இறக்கையை அதன் இடத்தில் வைத்து ஓர் அழுத்து. உடலில் ஊசிக்குத்து விழுந்திருக்கும், அங்கேயே துளை போடுங்கள். இரண்டாவது கம்பி வேண்டுமென்றால் முதல் கம்பியை மாட்டிப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு குறியுங்கள், இரண்டையும் ஒன்றாகக் குறித்தால் ஒன்று கட்டாயம் விலகும். நீள இறக்கைக்கு இரண்டு கம்பி வேண்டும். ஒரே கம்பியில் இறக்கை சுழலப் பார்க்கும், அந்தச் சுழற்சியைத் தடுக்கும் பாரம் முழுக்கப் பசையின் தலையில் விழும். இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், துளையை 1 மில்லிக்குப் பதில் ஒன்றரை மில்லியாக்கி, கம்பி முனையைக் குறடால் கொஞ்சம் நசுக்கித் தட்டையாக்கி உள்ளே விடுங்கள். பசை இறுகியபின் அந்தத் தட்டை முனை சுழல விடாது.

கம்பிக்குப் பித்தளைக் கம்பி நல்லது, ஜெம் கிளிப்பும் ஓடும். அதைவிடக் கனமான இடத்துக்குச் சைக்கிள் போக்ஸ் கம்பி. சாதாரணப் போக்ஸ் கம்பி 2 மில்லி கனம், கெட்டியான எஃகு, எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். கம்பியை அராவிக் கரடுமுரடாக்குங்கள், வழவழப்பான கம்பியைப் பசை பிடிக்காது.

இப்போது பசை. மூட்டுக்கு அரால்டைட், அதாவது பசையும் ஹார்டனரும் தனித்தனி டியூபில் வரும் எபாக்ஸி, மெதுவாக இறுகும் வகை. ஐந்து நிமிஷத்தில் இறுகுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் ஈரோட்டுச் சித்திரை வெயிலில் கலக்கி முடிப்பதற்குள் அது கட்டியாகத் தொடங்கும், கோணம் சரிசெய்ய நேரம் கிடைக்காது. டியூபில் சொன்ன அளவுப்படி இரண்டையும் பிழிந்து, நிறம் ஒன்றாகும்வரை ஒரு நிமிஷம் முழுக்கக் கலக்குங்கள். துளைக்குள் குண்டூசியால் தள்ளி நிரப்புங்கள், முகத்தில் நடுவில் மட்டும் தடவுங்கள். ஓரத்தில் இரண்டு இடத்தில் ஃபெவிக்விக் ஒரு பொட்டு வைத்தால், அரால்டைட் இறுகும்வரை அதுவே கிளாம்ப் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். உங்களிடம் இருக்கும் ஃபெவிக்விக் வீணாகாது, அதன் வேலை இதுதான். இரண்டு பசையும் ஒன்றோடொன்று கலக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அரால்டைட்டின் ஹார்டனர் பட்டால் ஃபெவிக்விக் அந்த நொடியே இறுகிவிடும்.

ராத்திரி முழுக்க அந்தக் கோணத்தில் எப்படி நிறுத்துவது? எங்கள் வீட்டில் ஒரு பழைய பாத்திரம் நிறைய ராகி வைத்திருக்கிறேன். மாடலின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, எந்தப் பக்கம் கீழே இருக்க வேண்டுமோ அந்தப் பக்கத்தை ராகிக்குள் அழுத்தினால் அப்படியே நிற்கும். அரிசியைவிட ராகி நல்லது, மணி சின்னது, உருண்டை, எந்த வளைவுக்கும் ஏற்றபடி இறுகும். அந்த ராகியைத் திரும்பக் களிக்கு எடுக்கக் கூடாது, அராவிய பொடி கலந்திருக்கும். பாத்திரத்தின் மேல் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிட வேண்டும். நடுராத்திரி எழுந்து தொட்டுப் பார்க்கும் ஆசை எனக்கும் வந்திருக்கிறது, தொட்ட ஒவ்வொரு தடவையும் கோணம் நகர்ந்திருக்கிறது.

ஏற்கெனவே மூன்று தடவை ஒட்டிய மிச்சப் பசை உங்கள் மூட்டில் இருக்கிறது. அதன் மேலேயே ஒட்டினால் பழைய பசை உடையும் இடத்திலேயே புதியதும் உடையும். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் வேண்டாம், பிளாஸ்டிக் ஸ்டாண்டில் படாமல் பாருங்கள், அதை உருக்கிவிடும். மாடலை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் மூட்டு தானாக விடும் என்று பலர் சொல்கிறார்கள். குளிரில் அந்தப் பசை இன்னும் நொறுங்கும் என்பது உண்மை. என் கையில் அது பாதித் தடவைதான் வேலை செய்தது, அசிட்டோன் ஒரு தடவையும் ஏமாற்றியதில்லை. அதற்கு முன்பாகப் பாக்கெட்டிலிருந்து எடுத்தவுடனே எல்லாத் துண்டையும் பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்த்துக் கழுவியிருக்க வேண்டும். வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரட்டும் என்று டால்கம் பொடி தூவியிருப்பார்கள், அது ஒட்டியிருக்கும்வரை பசையும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது. குத்துவிளக்கு நினைப்பில் புளியோ வினிகரோ போட்டுத் தேய்க்க வேண்டாம். மாடலில் காரீயம் கலந்திருந்தால் வினிகரில் இருக்கும் அமிலம் அதை அரித்து நச்சு உப்பாக்கும். சோப்பு போதும்.

ஸ்டாண்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இறக்கை நின்ற மறுநாள் கேட்கப்போகிறீர்கள். கப்பலோடு வரும் பிளாஸ்டிக் குச்சி லேசான மாடலுக்கு எண்ணிச் செய்தது. உலோகக் கப்பலை அதன் மேல் வைத்தால் ஒன்று குச்சி முறியும், இல்லை மொத்தமும் மூக்குக் குப்புற விழும். இறக்கை ஒட்டும் முன்பே ஸ்டாண்டுத் துளையை முடித்துவிடுங்கள், அப்புறம் உடலை வைஸில் பிடிக்க இடமிருக்காது. துளை எங்கே என்பதற்கு, எல்லாத் துண்டையும் களிமண்ணாலோ போஸ்டர் ஒட்டும் பசையாலோ தற்காலிகமாக மாட்டி, ஒரு ஸ்கேலின் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். எந்த இடத்தில் முன்னும் பின்னும் சாயாமல் நிற்கிறதோ அங்கே குறியுங்கள். வார்ப்பிலேயே ஒரு துளை இருந்தாலும் அதை நம்ப வேண்டாம், பல மாடலில் அது அழகுக்காக நடுவில் இருக்கிறது, கனமோ பின்னால் எஞ்சினில் இருக்கிறது. பல விண்கப்பல் விளையாட்டுகளில் தூரத்தைக் கப்பலின் மூக்கிலிருந்து அளப்பதில்லை, ஸ்டாண்டின் தண்டிலிருந்துதான் அளப்பார்கள். அதனால் துளையை ஒரு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினாலும் ஆட்டத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. எதிராளியிடம் முன்பே காட்டிவிட்டால் போதும்.

தண்டுக்கு நான் போக்ஸ் கம்பியைத்தான் வைக்கிறேன். அடித்தகட்டின் கீழே ஹார்டுவேர் கடை வாஷர் இரண்டு ஒட்டினால் கனம் கிடைக்கும். கப்பலின் அடியில் சின்ன நியோடிமியம் காந்தம் ஒன்றைப் பதித்து, தண்டின் நுனியில் இரும்பு வாஷர் வைத்தால் கழற்றி எடுத்துப் போகலாம், இடித்தால் உடையாமல் விலகும். 100 கிராமுக்கு மேல் உள்ள கப்பலுக்குக் காந்தத்தை மட்டும் நம்பாமல் கம்பி முனை ஒரு 5 மில்லியாவது துளைக்குள் போகும்படி செய்யுங்கள்.

யாராவது உங்களிடம் சால்டர் வைக்கச் சொல்லலாம். ஆசாரிகள் பொடி வைத்து ஊதுவதுபோல இதிலும் செய்யலாம் என்று எனக்கும் தோன்றி, சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னை எடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கான சால்டர் 183 டிகிரிக்கு மேல்தான் இளகும், அயர்னின் முனையோ 300 டிகிரியைத் தாண்டும், மாடல் 230 பக்கத்தில் உருகும். நான் முனையை எடுப்பதற்குள் ஒரு எஞ்சின் குழல் பாதி ஒழுகி மேசையில் பொட்டாக விழுந்துவிட்டது. அந்தக் கப்பல் இன்றைக்கும் மூன்று எஞ்சினோடுதான் நிற்கிறது. ரயில் மாடல் செய்பவர்கள் 70 டிகிரியில் உருகும் தனி சால்டரும் வெப்பம் கட்டுப்படுத்தும் அயர்னும் வைத்து அழகாகச் செய்கிறார்கள், மூட்டு உறுதியாகவே இருக்கும். ஆனால் அந்த சால்டரில் பிஸ்மத்தோடு காரீயமும், சிலவற்றில் காட்மியமும் இருக்கும், வீட்டு அறையில் அந்தப் புகை வேண்டாம். அதைச் செய்து பழகியவர் பக்கத்தில் இருந்தால் ஒழிய, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளைந்து வந்த இறக்கையை நேராக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. விரல்களுக்கு நடுவே வைத்து, ஒரே தடவையில் நிதானமாக, தேவைக்கு ஒரு துளி அதிகமாக வளைத்து விடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை ஆட்டினால் அந்த இடம் வெடித்துவிடும். வெந்நீரில் போட்டு வளைப்பது ரெசினுக்குச் சொல்லும் வழி, உலோகத்துக்கு அதில் பெரிய பலன் இல்லை. 1999-ல் வந்த பேட்டில்ஃப்ளீட் காத்திக் என்ற மேசை விண்கப்பல் போர் விளையாட்டில் எல்டார் என்ற அணியின் கப்பல்கள் இதற்குப் பேர்போனவை. பெரிய மெல்லிய பாய்கள், அதைத் தாங்க ஒரு சின்ன முளை, மொத்தமும் உலோகம். நான் மேலே சொன்ன நான்கு பாய்க் கப்பலும் அந்த ஜாடைதான். கம்பி போட்ட பிறகு அது ஒரு தடவை மேசையிலிருந்து தரையில் விழுந்தது. பாய் வளைந்தது, மூட்டு விடவில்லை. வளைந்ததை அங்கேயே நிமிர்த்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம்.

மூட்டு ஓரத்தில் தெரியும் சந்துக்கு எம்-சீல் போதும், ஈர விரலால் தடவி மட்டமாக்குங்கள். பிரைமர் அடிப்பதற்கு ஆனி, ஆடியில் மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஸ்ப்ரே மாடலில் சேர்வதற்குள் காய்ந்து உப்புத்தாள்போல உட்காரும். காற்று ஓயும் விடியற்காலை நல்லது. அராவும்போது ஈரத்துணி விரித்து அதன் மேல் செய்யுங்கள், முடித்தபின் சோப்பால் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். பழைய காரீய மாடல் இருந்தால் புது மர அலமாரியில் மூடி வைக்க வேண்டாம். மரத்திலிருந்து வரும் அமில ஆவியில் அது வெள்ளைப் பொடி பூத்துச் சாகும். ஊட்டிக் குளிரில் வெள்ளீயம் பொடிந்துபோகுமா என்று ஒருவர் முன்பு கேட்டார். சுத்த வெள்ளீயத்துக்கு 13 டிகிரிக்குக் கீழே அந்த நோய் உண்டு, ஆனால் மாடலில் கலந்திருக்கும் ஆண்டிமனி அதைத் தடுத்துவிடும். பயப்பட வேண்டாம்.

எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பின் வைஸ், மெல்லிய அரம், 1 மில்லி பிட் எல்லாம் பொற்கொல்லர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். கோயமுத்தூரில் டவுன்ஹால், ராஜ வீதிப் பக்கம் விசாரியுங்கள். உங்களுக்குச் சேலம் வழியென்றால், வெள்ளிக் கொலுசு செய்கிற செவ்வாய்ப்பேட்டைப் பக்கமும் கேட்டுப் பார்க்கலாம். பிட் ஒன்று வாங்காதீர்கள், நான்கு வாங்குங்கள், முதல் இரண்டு முறியும். அரால்டைட் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு.

துளை போடும் முன் உடலின் அடிப்பாகத்தையும் இறக்கையின் மூட்டு முகத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இங்கே போடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து. எவ்வளவு கனம் உள்ளே இருக்கிறது, ஒரு கம்பி போதுமா இரண்டு வேண்டுமா, எந்தக் கோணத்தில் இறக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.